கணக்கியல் பரிசோதனைகளுக்கு ஆள் திரட்ட: மெக்கானிக்கல் டர்க்கா, ப்ரொலிஃபிக்கா?

அமேசான் 2005-இல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் எல்லா வகைச் சில்லறை வேலைகளுக்குமான இணையச் சந்தை. படங்களுக்குப் பெயரிடுவதற்கும் ரசீதுகளைத் தட்டச்சு செய்வதற்கும் நடுவே ஆய்வாளரின் பரிசோதனையும் அங்கே ஒரு வேலை, அவ்வளவே. 2014-இல் இங்கிலாந்தில் உருவான ப்ரொலிஃபிக், ஆய்வுக்கென்றே அமைக்கப்பட்டது. கணக்கியல் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு மிகுதியும் உறைப்பது தகுதிச் சோதனையில்தான்.

நிதிநிலை அறிக்கையைப் படித்துப் பங்கின் மதிப்பைக் கணிக்கும் சிறுமுதலீட்டாளர்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். டர்க்கில் பெரும்பாலும் ஆய்வாளரே வடிகட்ட வேண்டியிருக்கும், "பங்கு வாங்கியதுண்டா?" என்று கேட்டு, இல்லை என்றவர்களை உடனே வெளியேற்றினால், எந்த விடைக்குப் பணம் என்பது தெரிந்துவிடுகிறது, சிலர் ஆம் என்று மாற்றிச் சொல்லித் திரும்பி வருவார்கள். ப்ரொலிஃபிக்கில் பங்கேற்பாளர் தம் விவரங்களை முன்பே பதிந்திருப்பதால், பொய் சொல்லும் தூண்டுதல் குறைகிறது. ஆயினும் அந்தப் பதிவை மட்டும் நம்பிவிடக் கூடாது. கடன் விற்பனை நடந்த ஆண்டில் பணம் வசூலாகாவிட்டால் அவ்வாண்டின் வருவாய் குறையுமா என்பது போன்ற ஒரு கேள்வி, பணம் கைக்கு வரும்போதல்ல, விற்பனை நடந்தபோதே வருவாயைப் பதியும் திரட்டல் முறைக் கணக்கியல் அறிந்தவரை எளிதில் பிரித்துக் காட்டிவிடும்.

செலவில் டர்க் மலிவு என்ற பேச்சு பாதிதான் உண்மை. ஊதியத்தின் மேல் 20 சதவீதக் கட்டணமும், ஒரே பணிக்குப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் கேட்டால் இன்னொரு 20 சதவீதமும் சேர்கின்றன. அதைத் தவிர்க்க ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து வெளியிடும் சிக்கனக்காரர்களும் உண்டு. ப்ரொலிஃபிக் மணிக்கு 8 டாலருக்குக் குறையாத ஊதியத்தைக் கட்டாயமாக்குகிறது. அதை நான் நிறையாகவே கருதுகிறேன்.

தரத்தில் எதுவும் மாசற்றதல்ல. இணையப் பணியாளர்கள் உழைப்பிலும் நேர்மையிலும், ஆய்வகப் பரிசோதனைகளில் வழக்கமாகப் பங்கேற்கும் மாணவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று 'தி அக்கவுண்டிங் ரெவ்யூ' இதழில் 2017-இல் வந்த ஆய்வு டர்க்குக்கு நம்பிக்கை அளித்தது. மறு ஆண்டே, ஒரே இருப்பிடக் குறியீட்டிலிருந்து குவிந்த பொருளற்ற விடைகள் அந்நம்பிக்கையைக் குலைத்தன. 2021-இல் ஒரு டிக்டாக் காணொளி பரவியதும் ப்ரொலிஃபிக்கில் இளம்பெண்கள் பெருமளவில் சேர்ந்து, பால்விகிதத்தைக் கவனிக்காத ஆய்வுகளின் மாதிரி ஒருபக்கம் சாய்ந்தது.

சிறுமுதலீட்டாளர் தீர்ப்புகளுக்கு நான் ப்ரொலிஃபிக்கையே தேர்வேன். மேலாளரும் ஊழியரும் பல சுற்றுகள் பட்ஜெட் பேரம் பேசும் பரிசோதனையை ஓட்ரீ மென்பொருளில் இணையத்தில் நடத்த முடியும். ஆனால் ஒருவர் நடுவில் விலகினால் அந்த ஜோடியின் தரவு முழுவதும் வீண் என்பதால், அதற்குப் பல்கலைக்கழக ஆய்வகமே மேல். அனுபவமுள்ள தணிக்கையாளரின் தீர்ப்பை அறிய வேண்டுமானால் இரு தளங்களும் உதவா. தணிக்கை நிறுவனங்களின் ஒத்துழைப்பைத்தான் நாட வேண்டும்.