34,000 ரூபாய் போச்சு: பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. சென்னையில் பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்கிற ஒரு கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் இப்போதைக்கு வேண்டாம், தினமும் ரீல்ஸ் போட்டு ஊர் ஊராகக் கூரியர் அனுப்புகிற ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் 34,000 ரூபாய் கொடுத்து நிகான் 80-200 எஃப்/2.8 டி என்கிற பழைய ஜூம் லென்ஸ் வாங்கினேன். என்னிடம் இருப்பது நிகான் டி5600 கேமரா. விவரம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே கதை புரிந்திருக்கும்.

அக்கா மகளுக்கு அரங்கேற்றம். மேடை வெளிச்சத்துக்குக் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் தாங்காது, இதே ரகத்தில் புது 70-200 லென்ஸ் வாங்க நமக்குக் கட்டாது, அதனால்தான் இது. வீடியோ காலில் கடைத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வியே டி5600-ல் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா என்பதுதான். "அண்ணா, நிகான் லென்ஸ், நிகான் பாடி, 1959-லேர்ந்து அதே எஃப் மவுண்ட்தான், கண்ணை மூடிட்டு மாட்டுங்க" என்றான் (பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா, மவுண்ட் என்றால் லென்ஸை மாட்டுகிற வாய்). சும்மா சொல்லவில்லை, அப்போதே ஒரு கேமராவில் மாட்டி அலமாரியில் இருந்த பெட்டி மேல் ஃபோகஸ் வைத்தான், 'கிர்ர்க்' என்று சத்தத்தோடு போய் நின்றது. கண்ணாடியில் டார்ச் அடித்து ஃபங்கஸ் இல்லை என்று காட்டினான், இரண்டு வளையத்தையும் திருப்பிக் காட்டினான். இவ்வளவு பொறுமையாகக் காட்டுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? அங்கேயே பணத்தைப் போட்டுவிட்டேன். அவன் மாட்டிக் காட்டியது டி7200 என்கிற வேறு நிகான் கேமரா.

பார்சல் வந்தது. மாட்டியதும் 'எஃப்இஇ' என்று எரர் மின்னியது. அது ஒன்றுமில்லை, லென்ஸில் இருக்கிற அபர்ச்சர் (வெளிச்சம் வருகிற துளை) வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டினால் சரியாகிவிடும், ஆயிற்று. ஆனால் ஷட்டரைப் பாதி அழுத்தினால் லென்ஸ் அசையவே இல்லை. நான் வாங்கியது ஏஎஃப்-டி ரகம், அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதன் பின்பக்க வளையத்தில் ஸ்க்ரூ தலை மாதிரி பிளவோடு ஒரு சின்ன முனை இருக்கும், கேமரா மவுண்ட்டில் இருக்கிற குட்டி ஸ்க்ரூடிரைவர் அதில் பொருந்திச் சுற்றினால்தான் ஃபோகஸ் நகரும். டி7200-ல் அது உண்டு. டி5600-ல் அந்த இடம் வெறும் தகடு. படம் எடுக்கலாம், கையால் ஃபோகஸ் செய்தால் வ்யூஃபைண்டரில் பச்சைப் புள்ளியும் எரியும். ஆடுகிற பிள்ளையை 200-ல், எஃப்/2.8-ல், 1.3 கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு பச்சைப் புள்ளி பார்த்து எடுத்துப் பாருங்கள், தெரியும். போதாததற்கு இந்த பாடியில் ஒரே டயல், மேனுவல் மோடில் அபர்ச்சர் மாற்ற +/- பட்டனை வேறு அழுத்திப் பிடிக்க வேண்டும். கண் இருக்கிற இடத்தில் ஜடை ஷார்ப்பாக இருக்கிறது. 34,000 ரூபாய் கொடுத்து!

போன் போட்டேன். முதலில் "மெனுல செட்டிங் பாருங்கண்ணா". அப்புறம் கான்டாக்ட்டை ரப்பர் போட்டுத் துடைக்கச் சொன்னான். அப்புறம் ஃபர்ம்வேர். இல்லாத மோட்டார் ஃபர்ம்வேர் போட்டால் முளைக்குமா? கடைசியில் ஓனர் லைனுக்கு வந்து, "லென்ஸ் பக்கா கண்டிஷன் சார், உங்க பாடிதான் சின்ன பாடி" என்றார். அதைத்தானே ஐயா வாங்குவதற்கு முன்னால் கேட்டேன்! பில்லில் "நிகான் 80-200 யூஸ்டு, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று மட்டும் இருக்கிறது, எந்த கேமராவுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமானால் 18,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். நான் போட்டது 34,000. இப்போது மெசேஜ் போனால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டி3000 வரிசை, டி5000 வரிசை, டி40, டி60 வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் என்று எழுதிய, உள்ளேயே மோட்டார் இருக்கிற லென்ஸ் மட்டும் வாங்குங்கள், வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்றால் ஆட்டோஃபோகஸ் வராது. ஏஎஃப்-பி என்கிற புது ரக லென்ஸ் இன்னொரு தலைவலி, டி3200, டி5100 மாதிரி பழைய பாடியில் அது ஃபோகஸே ஆகாது. நிகானின் மிரர்லெஸ் இசட் கேமராவில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு ஏஎஃப்-டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஆட்டோஃபோகஸை மறந்துவிடுங்கள். உங்கள் பாடியில் மாட்டிக் காட்டாமல் பணம் போடாதீர்கள், தூரமாக இருந்தால் அதே மாடல் பாடியில் காட்டச் சொல்லி அந்த வீடியோவைச் சேமித்து வையுங்கள். பில்லில் கேமரா மாடலை எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, புகார் பதிந்திருக்கிறேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன், இப்போது மச்சான் நம்பரிலிருந்து அந்தக் கடைக்குப் போன் போடப் போகிறேன்.