கைப்பிடி வலு அளக்கும் டைனமோமீட்டர்: இரண்டு வருடக் களப்பணி அனுபவம்

கிராமத்துப் பெரியவர்களின் உடல்நிலையையும் வாழும் சூழலையும் சேர்த்து ஆராயும் குழுவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக இந்த ஹைட்ராலிக் டைனமோமீட்டர் பையில் இல்லாமல் ஒரு வீட்டுப் படியும் ஏறியதில்லை. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் இதை மட்டும் நம்பிக் களத்துக்குப் போகாதீர்கள்.

கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பிடியை இறுக்கினால் முள் ஏறும், கூடவே போகும் இன்னொரு முள் உச்சத்திலேயே நின்றுவிடும், நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். அதை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். ஒருநாள் அவசரத்தில் மறந்துவிட்டேன், கணவரின் 24 கிலோ மனைவியின் தாளிலும் ஏறிவிட்டது, மறுநாள் திரும்பப் போய் அளந்து வந்தேன். பிடியின் அகலத்தை ஐந்து நிலைகளில் மாற்றலாம், எல்லோருக்கும் இரண்டாவது நிலையையே வையுங்கள். கருவி கொஞ்சம் கனம்தான், அதனால் மெலிந்த கை நடுங்கும், அடியில் உங்கள் உள்ளங்கையை லேசாகத் தாங்கக் கொடுங்கள். முழங்கை மடங்கியிருக்கட்டும், ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை.

குறை என்றால், விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு அந்த உலோகப் பிடி வலிக்கும். பாதி பலத்திலேயே விட்டுவிடுவார்கள், அது தசையின் அளவு அல்ல, வலியின் அளவு. ரப்பர் பந்து வைத்த கருவி அவர்களுக்கு இதமாக இருக்கும், ஆனால் அது காட்டுவது காற்றழுத்தம், கிலோவோடு ஒப்பிட முடியாது.

ஒரு கை அழுத்தத்தில் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 17 நாட்டு ஆய்வில், பிடி வலு 5 கிலோ குறைந்த ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயதானவர்களின் தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த வரம்புப்படி ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் தசை வலு குறைவு. சரி, ஆனால் ஏன் குறைந்தது?

ஒரு பாட்டிக்கு 13 கிலோ வந்தது. "இது மண்வெட்டி பிடிச்ச கைப்பா, இன்னொரு தடவை குடு" என்று பிடுங்காத குறையாக வாங்கி அழுத்தினார், மறுபடியும் 13. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் தானாகவே சொன்னார்: தாத்தா போனதிலிருந்து ஒருவேளைதான் அடுப்பு மூட்டுகிறாராம், ஒரு ஆளுக்கு எதற்கு என்று. துணை இல்லையென்று தோன்றுகிறதா, ஒதுக்கப்பட்டதாக, தனித்துவிடப்பட்டதாகத் தோன்றுகிறதா என்று தனிமையை அளக்கும் மூன்று கேள்விகளையும் நான் கேட்கும் முன்பே பாதி பதில் வந்துவிட்டது. எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனது அங்கேதான். வெறும் கேள்வித்தாளை நீட்டினால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவார்கள், கையில் ஒன்றைக் கொடுத்தால் பேசுவார்கள். அதனால் முதலில் இதை அளந்துவிட்டு அப்புறம் கேள்விகளுக்குப் போங்கள், 13-க்குப் பக்கத்திலேயே அந்த ஒருவேளை அடுப்பையும் எழுதி வையுங்கள்.

வருடம் ஒருமுறை அளவு சரிபார்க்க அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் வேறு கருவியால் அளந்தால், எதனால் அளந்தீர்கள் என்று அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.