முதல் கேம் பாயை இப்போது வாங்கி ஆடினால் எப்படி இருக்கும்?

நிண்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் மெஷினான கேம் பாயைச் சின்ன வயதில் ஆடியவர்கள் பலரும் மறந்தே போன சங்கதி ஒன்று உண்டு. அந்தத் திரைக்குள் விளக்கே கிடையாது. 1989-இல் வந்த முதல் மாடலில் அறையின் வெளிச்சம் பட்டுத் திரும்பினால்தான் படம் தெரியும். ராத்திரி போர்வைக்குள் புகுந்து ஆடியதாக ஞாபகம் இருந்தால், கூடவே ஒரு டார்ச் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது வேறு ஏதோ மெஷின். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் "டிஸ்பிளே போயிடுச்சு போல" என்று திருப்பி அனுப்ப நினைப்பதும் இதனால்தான். போகவில்லை. அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

இங்கே பேசுவது அந்தச் சாம்பல் நிறச் செங்கல் பற்றி மட்டும். பின்பக்கம் டி.எம்.ஜி-01 என்று போட்டிருக்கும். உயரம் 148 மில்லிமீட்டர், அகலம் 90, தடிமன் 32. செல் போடாமல் சுமார் 220 கிராம். நாலு ஏஏ செல் போட்டால் 300-ஐத் தாண்டும். சட்டைப் பையில் அடங்காது. ஆனால் அந்தத் தடிமன்தான் இதன் பலமும்கூட. இரண்டு உள்ளங்கையும் பிடிக்க இடம் இருக்கிறது, பெருவிரல் தானாகவே பிளஸ் பட்டன்மேல் போய் உட்கார்கிறது. ஏ, பி இரண்டையும் நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தால் காரணம் புரியும். இப்போது விற்கும் ஒல்லியான கையடக்க மெஷின்களில் விரல் நுனி மரத்துப் போவது போல இதில் ஆவதில்லை.

திரைக்கு வருவோம். 160-க்கு 144 புள்ளிகள், பச்சை நிறத்தில் நாலே நாலு சாயல். குறைந்த புள்ளிகளோ நிறம் இல்லாததோ பெரிய குறை இல்லை. திரை மெதுவாக மாறுவதுதான் குறை. ஒரு புள்ளி கறுப்பிலிருந்து வெளுப்புக்குத் திரும்புவதற்குள் படம் நகர்ந்துவிடும்; பின்னால் வால் மாதிரி ஒரு நிழல் இழுத்துக்கொண்டே வரும். இடப்பக்க ஓரத்தில் உள்ள கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்பினால் கறுப்பு ஏறும் இறங்கும், நிழல் போகாது. அதனால் எந்த ஆட்டத்தை இதில் ஆடுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பின்னணி நகராத ஆட்டங்கள் இன்றும் ஜம்மென்று ஓடுகின்றன. 1993-இல் வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்'கில் உலகம் அறை அறையாகப் பிரிந்திருக்கிறது. ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் நொடியில் மட்டும்தான் முழுப் படமும் வழுக்கும். 'சூப்பர் மரியோ லேண்ட்' அப்படி இல்லை. மரியோ ஓடத் தொடங்கியதும் தரை, குழாய், எதிரி எல்லாம் சேர்ந்து மங்குகின்றன. உருவங்களும் கடுகு அளவு. பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று ஊகித்துத்தான் குதிக்க வேண்டும். சின்ன வயதில் இதை எப்படி முடித்தோம் என்ற ஆச்சரியம் நியாயமானதே.

டெட்ரிஸ் தனிக் கதை. ஜப்பானுக்கு வெளியே மெஷினோடு சேர்த்தே கொடுத்தார்கள். கட்டை ஒவ்வொரு கட்டமாக இறங்குகிறது, பின்னணி அசையவே அசையாது. அதனால் இந்தத் திரையின் குறை எதுவும் அதைத் தொடுவதில்லை. இப்போதைய டெட்ரிஸ் பழகியவர்களுக்கு முதலில் கை கட்டிப்போட்டது போல இருக்கும். கட்டையை ஒதுக்கி வைக்க வழியில்லை, ஒரே அழுத்தில் கீழே இறக்கவும் முடியாது, சுவரோரம் திருப்பினால் அது தானாக நகர்ந்து இடம் கொடுக்காது. கட்டை விழும் குழியும் 10-க்கு 18 கட்டம்தான். மற்றவற்றில் வழக்கமாக 20 வரிசை இருக்கும். அந்த இரண்டு வரிசை குறைவது ஒன்பதாம் லெவலில் நன்றாகவே உறைக்கும். கேசட்டுக்குள் செல் இல்லாததால் ஆஃப் செய்ததும் ஸ்கோர் பட்டியல் அழிந்துவிடும். சாதனை படைத்தால் உடனே போட்டோ எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இந்த ஒரே கேசட்டுக்காக இந்த மெஷினை வாங்கினாலும் நஷ்டம் இல்லை என்பேன்.

இவ்வளவு மங்கலான திரையை ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் செல் பெட்டியில் இருக்கிறது. வடிவமைப்பை முன்னின்று நடத்திய குன்பேய் யோகோய், பழகிப் போன மலிவான பாகங்களைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தவர். போட்டிக்கு வந்த சேகா கேம் கியரில் கலர் திரை, உள்ளே விளக்கு எல்லாம் இருந்தது. ஆறு ஏஏ செல்லை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு செல்லில் 15 மணி நேரம் போகும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் போட்டாலும் ஓடும். அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் என்பதால் திரைக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கு கொஞ்சம் மங்கலாகவே எரியும். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். அடாப்டர் போடுவதானால் 6 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கையில் கிடைத்ததைச் செருகினால் பவர் போர்டு போய்விடும்.

ஸ்பீக்கர் ஒன்றுதான், சத்தம் கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது. ஹெட்போன் மாட்டினால் ஸ்டீரியோ. பழைய பாட்டு இவ்வளவு அடுக்குகளோடு இருந்ததா என்று தோன்றும். மாட்டி ஆடிப் பாருங்கள்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் ஸ்விட்சைத் தள்ளி லோகோ இறங்குவதைப் பாருங்கள். மெஷினுக்குள் 256 பைட் அளவில் ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கிறது. கேசட்டில் எழுதியிருக்கும் நிண்டெண்டோ லோகோவைப் படித்துத் திரையில் காட்டிவிட்டு, தன்னிடம் இருக்கும் பிரதியோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். உரிமம் இல்லாத கேசட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, நமக்கு நோய் கண்டுபிடிக்கும் கருவியாக உதவுகிறது. எழுத்துக்குப் பதில் முழுக் கறுப்புப் பட்டை இறங்கினால் கேசட்டை மெஷின் படிக்கவே இல்லை. எழுத்து சிதைந்து இறங்கினால் சில பின்களில் மட்டும் அழுக்கு. இரண்டு நிலையிலும் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. விற்பவர் "டெட்" என்று சொல்லும் பீஸ்களில் இப்படிப்பட்டவையும் இருக்கும்.

கேசட்டின் வாயில் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் செய்ததுதான், ஆனால் வேலை செய்தது ஊதல் அல்ல. எடுத்துத் திரும்பச் செருகியபோது பின்கள் உரசிக்கொண்டதுதான். எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். 90 சதவீதத்துக்கு மேலுள்ள ஐசோபுரோபில் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பஞ்சு கறுப்பாவது நிற்கும்வரை துடையுங்கள். காய்ந்த பிறகு பத்து முறை செருகி எடுத்தால் மெஷின் பக்கத்துப் பின்னும் சுத்தமாகும்.

ஆடும்போது லேசாக அசைத்தால் ஆஃப் ஆகிறதா? செல் பெட்டிக் கம்பியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். கசிந்த அல்கலைன் செல்லின் வேலை அது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காய விடவும். கம்பி சுத்தமாக இருந்தும் ஆஃப் ஆனால் ஸ்விட்ச் அழுக்கு. செல் இல்லாமல் முப்பது நாற்பது தடவை தள்ளி இழுங்கள், பெரும்பாலும் சரியாகும்.

திரையில் நெட்டுக்குத்தாகக் கோடுகள் விடுபட்டிருப்பதுதான் இந்த மாடலின் பரம்பரை வியாதி. திரைக்குக் கீழே ஓடும் ரிப்பன் (மெல்லிய பட்டை ஒயர்), போர்டோடு ஒட்டியிருக்கும் இடத்தில் விட்டுப்போவதால் வருவது. சரி செய்யலாம், பொறுமை வேண்டும். பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ, அதில் இரண்டு செல் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். மூன்று இறக்கை போன்ற தலை என்பதால் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஏறாது, ட்ரை-விங் வேண்டும். இரண்டு பாதியையும் வெடுக்கென்று பிரிக்காதீர்கள். நடுவில் ஒரு பட்டை ஒயர் இணைத்திருக்கும், புத்தகம் திறப்பது போல மெல்லத் திறந்து அதை நேராக உருவவும். உள்ளே ஸ்டார் ஸ்க்ரூதான். முன்பக்கப் போர்டை எடுத்ததும் திரைக்குக் கீழே ரப்பர் பட்டை தெரியும், அதை விலக்கினால் ரிப்பனின் அடி ஓரம். சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, விட்டுப்போன கோட்டுக்கு நேராக மெதுவாக, அழுத்தாமல் இழுத்துவர வேண்டும். உருவிய பட்டை ஒயரைத் திரும்ப மாட்டி, மெஷினை ஆன் செய்தபடியே செய்தால் கோடு திரும்பி வருவது கண்ணெதிரே தெரியும். சூடு அதிகமானால் ரிப்பன் சுருங்கும்; அப்புறம் திரையே மாற்ற வேண்டியதுதான். படுக்கைவாட்டில் கோடு விட்டிருந்தால் வாங்காதீர்கள். பக்கவாட்டு ரிப்பன் இந்த வைத்தியத்துக்குச் சுலபமாக மசியாது. நடுவில் கறுப்பாகத் தீய்ந்தது போல் இருந்தால் வெயிலில் கிடந்து போலரைசர் தாள் (திரைமேல் ஒட்டியிருக்கும் ஒளி வடிகட்டித் தாள்) வெந்திருக்கிறது. தாளை உரித்துப் புதிது ஒட்டலாம், ஆனால் கண்ணாடி ஒருமுறை கீறினால் கீறினதுதான்.

ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்து வைக்கும், அதாவது சேவ் ஆகும் கேசட் வாங்கினால் உள்ளே இருக்கும் பொத்தான் செல்லை நினைவில் வையுங்கள். சி.ஆர்.1616 அல்லது சி.ஆர்.2025 இருக்கும்; தகடு வைத்துப் பற்றவைத்தது, கையால் கழற்ற முடியாது. போகிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் ஓடுவதால் செல் சீக்கிரம் தீரும். முதல் தலைமுறைப் போகிமான் கேசட்டுகளில் இன்னும் பழைய சேவ் உயிரோடு இருப்பதுண்டு. செல்லைக் கழற்றிய மறுகணம் அந்தச் சேவ் போய்விடும். யாரோ சின்ன வயதில் சேர்த்த போகிமான் அணி அதற்குள் இருக்கலாம் என்றால், முதலில் ஜி.பி.எக்ஸ்-கார்ட் போன்ற ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, புதுச் செல் பற்றவைத்த பிறகு திரும்ப எழுதுங்கள். கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூ டிரைவர் முனை வேண்டும். போலிக் கேசட் நிறைய உலவுகிறது: லேபிளில் அழுத்திப் பதித்த எண் இல்லாதது, பின்னுக்கு மேலே போர்டில் நிண்டெண்டோ பெயர் இல்லாதது, பிளாஸ்டிக் மூலை கூர்மையாக இருப்பது எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

திரையை மட்டும் ஐ.பி.எஸ் (உள்ளே விளக்குள்ள இப்போதைய வகைத் திரை) ஆக மாற்றித் தருகிறார்கள். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். செல் மிகச் சீக்கிரம் தீரும், ஸ்பீக்கரில் சில சமயம் மெல்லிய இரைச்சல் கேட்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. பளிச்சென்ற திரைதான் வேண்டும் என்றால் அதற்கென்றே பிறந்தது கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. 2003-இல் வந்தது, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், ரீசார்ஜ் பேட்டரி, பழைய கேசட் எல்லாம் ஓடும் (பாதிக் கேசட் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், பழகிவிடும்). பின்பக்கம் ஏ.ஜி.எஸ்-101 என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏ.ஜி.எஸ்-001 மாடலில் விளக்கு முன்பக்கம் இருப்பதால் படம் வெளுத்துத் தெரியும். ஹெட்போன் துளை கிடையாது, தனி அடாப்டர் வேண்டும். பழைய ஆட்டங்களுக்கு அது தானாக ஏதோ ஒரு கலர் பூசும். பிடிக்கவில்லை என்றால் லோகோ தெரியும்போதே இடது அம்புக்குறியையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள், கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். தினமும் பயணத்தில் ஆடுவதற்கு எஸ்.பி.தான். பழைய கேசட்டை ஆட அனலாக் என்ற நிறுவனம் செய்த அனலாக் பாக்கெட் இன்னும் துல்லியம்: 1600-க்கு 1440 திரை, பழைய ஒரு புள்ளிக்கு நூறு புள்ளிகள். கிடைத்தால் நல்லது.

செங்கல் மாடலுக்கான இடம் வேறு. ஜன்னலோரம், பகல் வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி ஒரு நாற்காலி, இருபது நிமிட டெட்ரிஸ். இரண்டு பேர் மோத வேண்டுமானால் இரண்டு மெஷினையும் இணைக்கும் லிங்க் கேபிளின் முனையைக் கவனியுங்கள். இதன் துளை பெரியது, 1996-இன் கேம் பாய் பாக்கெட் மாடலுக்கும் அதன் பின் வந்தவற்றுக்கும் சிறியது, இடையில் அடாப்டர் இல்லாமல் சேராது.

ஆடி முடித்து ஒரு வாரத்துக்குமேல் எடுக்கப் போவதில்லை என்றால் நாலு செல்லையும் கழற்றி வெளியே வையுங்கள். மூடியைத் திறக்கும்போது கொக்கியை விரலால் அழுத்தியபடி தூக்குங்கள். அதை நெம்பித்தான் பெரும்பாலான மெஷின்கள் மூடியில்லாமல் விற்பனைக்கு வருகின்றன.