ரெண்டு இன்ச் தூக்குன பிக்அப்புக்கு எந்த ஷாக்? பில்ஸ்டைன் 5100 போட்டு ஓட்டுனதுல தெரிஞ்சது

முதல்லயே சொல்லிடறேன், இது என் வண்டிக்கு மூணாவது செட் ஷாக், அதாவது ஷாக் அப்சார்பர். முதல் செட் வண்டியோட வந்தது, ரெண்டாவது நான் அவசரப்பட்டு வாங்குனது, மூணாவதுதான் இப்ப ஓடுற பில்ஸ்டைன் 5100. நடுவுல வாங்குன அந்த செட் எந்த பிராண்டுன்னு கேக்காதீங்க, அந்த ஷாக் மேல தப்பே இல்ல, டேப் எடுத்து அளக்காம வாங்குன என் மேலதான் தப்பு.

வண்டிய ரொம்ப உசத்தற பெரிய லிஃப்ட் எல்லாம் கிடையாது. முன்னாடி ரெண்டு இன்ச், பின்னாடி ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவுல ஒரு இன்ச் கட்டை. மூக்கு தாழ்ந்து நிக்கறது சரியாகணும், கொஞ்சம் பெரிய டயர் உரசாம திரும்பணும், அவ்ளோதான் ஆசை. இந்த அளவுக்கு பழைய ஷாக்கே போதும்னு நெனச்சு அப்படியே விட்டுட்டேன். ரெண்டே நாள்ல ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்ல இருந்து இறங்கும்போதும் பின்னாடி 'டக்'னு ஒரு சத்தம். பட்டை லூஸா, போல்ட்டு லூஸான்னு ஒரு வாரம் தேடினேன். கடைசியில பாத்தா சக்கரம் கீழ தொங்கும்போது ஷாக் முழுசா நீண்டு, அதுக்கு மேல போக இடமில்லாம இழுத்துப் பிடிக்குது. ஆக்சிலோட மொத்த எடையையும் ஷாக்கோட காதும் (போல்ட்டு மாட்டற வளையம்) அதுக்குள்ள இருக்கற ரப்பர் புஷ்ஷும் தாங்கி நிக்குது, அதுதான் அந்த சத்தம்.

சரி நீளமா ஒண்ணு போட்டா முடிஞ்சதுன்னு இன்னும் பெரிய லிஃப்டுக்கு வர்ற ஷாக்க வாங்கி மாட்டினேன், 'டக்' போயிடுச்சு, நானும் சந்தோஷமா ஒரு மாசம் ஓட்டினேன், அப்புறம் ஒரு நாள் பின்னாடி நல்ல லோடு ஏத்திட்டு ஒரு பள்ளத்துல இறங்குனப்ப முதுகுத்தண்டுல ஒரு இடி. ஷாக் நீளமானா அதோட மூடுன நீளமும் கூடும்ல, அத நான் யோசிக்கவே இல்ல. ஆக்சில் மேல வந்து சேஸிஸ்ல இடிக்காம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர் முழுசா அமுங்கறதுக்கு முன்னாடியே ஷாக் உள்ள தட்டிடுச்சு. மறுநாள் பாத்தா சீல் வழியா ஆயில் வடிஞ்சு பாடி பூரா புழுதி அப்பிக்கிட்டு இருக்கு.

அதனால மூணாவது தடவ பிராண்டு பேரே பாக்கல, மொதல்ல டேப்தான். பின்பக்கம் சேஸிஸ ஸ்டாண்டுல நிறுத்தி, ஷாக்க கழட்டிட்டு ஆக்சில முழுசா தொங்க விட்டேன், மேல் போல்ட்டு நடுவுல இருந்து கீழ் போல்ட்டு நடு வரைக்கும் 615 மி.மீ. வண்டி தன் கால்ல நிக்கும்போது அதே அளவு 520. ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையில 95 இடைவெளி, ரப்பர் அமுங்கறதுக்கு ஒரு 20 வச்சா 520ல இருந்து 115 போக 405. அப்ப எனக்கு வேண்டிய ஷாக் நீண்டா 615க்கு மேல இருக்கணும், மூடுனா 405க்கு நல்லாவே கீழ இருக்கணும். நான் எடுத்தது நீளம் 630, மூடுனா 380. ரெண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு. இது என் வண்டி கணக்கு, அப்படியே காப்பி அடிச்சிடாதீங்க, ஒரே மாடல் வண்டியிலயே கட்டை உயரம், பட்டை தளர்ச்சி, பம்ப் ஸ்டாப் எல்லாம் வச்சு மாறும். 5100ல ஒரே வண்டிக்கே லிஃப்ட் உயரத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற பார்ட் நம்பர் இருக்கும், டப்பா மேல இருக்கற பேர விட அந்த நம்பருக்கான நீண்ட நீளம், மூடுன நீளம் ரெண்டையும் பாருங்க.

இன்னொண்ணு, நெறைய பேரு ஷாக் மாத்துனா வண்டி உசரும், லோடு தாங்கும்னு நெனைக்கறாங்க. எடைய தாங்கறது ஸ்பிரிங்கும் பட்டையும்தான். ஷாக் வேலை ஸ்பிரிங் ஆடற ஆட்டத்த அடக்கறது, அந்த ஆட்டத்த உள்ள இருக்கற ஆயில் சூடா மாத்தி வெளிய விடுது. பட்டை தொங்கிப் போன வண்டிக்கு எவ்ளோ நல்ல ஷாக் போட்டாலும் பின்பக்கம் தொங்கிட்டுதான் நிக்கும்.

அந்த சூட்டு விஷயத்துலதான் நான் மோனோட்யூப் பக்கம் சாய்ஞ்சேன். ட்வின் ட்யூப்ல குழாய்க்குள்ள குழாய், உள்ள உண்டாகற சூடு வெளி குழாய தாண்டித்தான் காத்துக்கு வரணும், மண் ரோட்டுல ரொம்ப நேரம் விடாம ஓட்டுனா ஆயில் நுரைச்சு பிடி தளர்ந்துடும். மோனோட்யூப்ல ஒரே குழாய், ஆயில் ஒரு பக்கம், அத பிரிச்சு வைக்கற மிதக்கற பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் நல்ல அழுத்தத்துல நைட்ரஜன், அதனால நுரைக்கறதும் கம்மி, சூடும் நேரா வெளிய போகுது. 5100ல பிஸ்டன் 46 மி.மீ. இந்த கேஸ் மோனோட்யூப் முறை நேத்து வந்தது இல்ல, பில்ஸ்டைன் 1957லயே மெர்சிடிஸ் கார்களுக்கு இத கொடுத்தாங்க. ஆனா ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, மோனோட்யூப்ல பிஸ்டன் ஓடறதே அந்த வெளி குழாய்க்குள்ளதான், பெரிய கல்லு அடிச்சு பாடி நசுங்குனா பிஸ்டன் மாட்டிக்கும், ஷாக் காலி. ட்வின் ட்யூப்ல வெளிய நசுங்குனாலும் உள்குழாய் தப்பிச்சா ஓடிட்டே இருக்கும். பாறை மேல ஏத்தி இறக்கறதே பொழப்புன்னு இருக்கறவங்க ட்வின் ட்யூப்ப ஏளனமா பாக்க வேணாம்.

இப்ப ஓட்டறது எப்படி இருக்கு? ஹைவேல லேன் மாத்தும்போது வண்டி மேல்பாகம் கப்பல் மாதிரி சாயும்ல, அது போயிடுச்சு. பிரேக் அடிச்சா மூக்கு குத்தறதும் கொறஞ்சிடுச்சு. 5100 வால்விங் (உள்ள ஆயில் ஓட்டத்த கட்டுப்படுத்தற வால்வு அமைப்பு) டைக்ரெஸிவ் ரகம், அதாவது பிஸ்டன் மெதுவா நகரும்போது, இந்த சாயறது குத்தறது மாதிரி நேரத்துல, நல்லா இறுக்கிப் பிடிக்கும், திடீர்னு குழியில வேகமா அடிச்சா வால்வு தெறந்து விட்டுக்கொடுக்கும். இதுக்கு மறுபக்கம் என்னன்னா மெதுவா போகும்போது ரோட்டுல இருக்கற சின்னச் சின்ன ஒட்டு, விரிசல் எல்லாம் சீட்டுல லேசா தெரியும். எனக்கு அது பிடிச்சிருக்கு, கூட உக்காந்து வர்றவங்களுக்கு அவ்வளவா பிடிக்கல, சொல்லிட்டேன். பின்னாடி காலியா போகும்போது குதிக்கறது முழுசா போகல, ஆனா அது ஷாக் வேலையே இல்ல, அவ்ளோ எடைக்குன்னு கட்டுன பட்டை காலியா இருக்கும்போது வளையாதுல்ல. குதிச்சதுக்கு அப்புறம் மூணு தடவ ஆடறது ஒரு தடவையா கொறைஞ்சிருக்கு.

முன்பக்கம் வேற கதை. சுயேச்சை சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கறது) இருக்கற வண்டில ஷாக், சக்கரத்த பிடிச்சிருக்கற கீழ் ஆர்முக்கு நடுவாந்தரத்துல உக்காந்திருக்கும், அதனால ஷாக் ஒரு இன்ச் நகர்ந்தா சக்கரம் ஏறக்குறைய ரெண்டு இன்ச் நகரும். ஷாக் மேல வைக்கற ஒரு இன்ச் ஸ்பேசர் கட்டையில வண்டி ரெண்டு இன்ச் உசர்றது இப்படித்தான், எனக்கு முதல்ல ஏமாத்தறாங்களோன்னு சந்தேகம் வந்துச்சு. சில வண்டிங்களோட 5100 முன் ஷாக்ல பாடியிலயே வரிசையா காடி வெட்டியிருக்கும், அதுல சர்க்ளிப்ப (காடில உக்கார்ற வளையம்) எந்த காடில போடறீங்களோ அந்த உயரத்துல ஸ்பிரிங் தட்டு உக்காரும். ஆசைப்பட்டு மேல் காடிக்கு போனீங்கன்னா ஸ்பிரிங் முன்னாடியே நல்லா அமுங்கி நிக்கும், சக்கரம் கீழ இறங்க மிச்சம் இடம் கம்மியாகும், பழைய 'டக்' முன்பக்கம் வந்து நிக்கும். நான் நடு காடியோட நிறுத்திட்டேன். முன்னாடி வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டிய கேபிள்ல இழுக்கற மெஷின்), இரும்பு பம்பர்னு எடை ஏத்துனவங்க காடியில ஏத்தறத விட கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கே மாத்திடறது நல்லது. ரெண்டு இன்ச்சுக்கு மேல போனா ஆக்சில் ஜாயிண்ட் கோணம், மேல் ஆர்ம் பால் ஜாயிண்ட்னு வேற செலவு வரிசையா வரும், அங்க ஷாக் மட்டும் பேசி பிரயோஜனம் இல்ல.

எல்லாருக்கும் 5100தான்னு சொல்ல மாட்டேன். தெனமும் ஒரே லோடு வச்சு ஓட்டறவங்க ஓல்ட் மேன் ஈமு பிராண்டு பாருங்க, அங்க லோடுக்கு ஏத்த ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஜோடியா எடுக்கலாம், அவங்க நைட்ரோசார்ஜர் ஷாக் ட்வின் ட்யூப்தான். ஒரு வாரம் காலி, ஒரு வாரம் ட்ரெய்லர் இழுக்கறதுன்னு மாறி மாறி ஓட்டறவங்களுக்கு ரான்ச்சோ 9000 எக்ஸ்எல் வசதி, குமிழத் திருகி ஒம்பது அளவுல இறுக்கிக்கலாம், ஆனா திருக சோம்பேறித்தனம் இருந்தா காசு வேஸ்ட், என்ன மாதிரி ஆளு ஒரு தடவ திருகிட்டு அதோட மறந்துடுவான். மண் ரோட்டுல வேகமா ரொம்ப தூரம் போறவங்க ஆயிலுக்கு தனி டேங்க் வச்ச பில்ஸ்டைன் 5160 மாதிரி பாக்கலாம், கூட ஆயில் இருக்கறதால சூடேற நேரம் புடிக்கும். வண்டியே தூக்காதவங்களுக்கு பில்ஸ்டைன் 4600 போதும், அது ஒரிஜினல் உயரத்துக்குன்னே வர்றது.

மாட்டும்போது ரெண்டு விஷயம். கேஸ் ஷாக் பட்டி போட்டு சுருக்கி வரும், மேல் பக்கம் மாட்டறதுக்கு முன்னாடி பட்டிய வெட்டாதீங்க, நான் வெட்டிட்டு அத கையால அமுக்க பட்ட பாடு இருக்கே, மெக்கானிக் அண்ணன் டீ கிளாஸ கீழ வச்சுட்டு சிரிச்சாரு. அடுத்தது, ரப்பர் புஷ் இருக்கற போல்ட்டுகள சக்கரம் தொங்கும்போது முழுசா இறுக்காதீங்க, வண்டிய கீழ இறக்கி அது எடையில நிக்க வச்சு கடைசி இறுக்கு போடணும், இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். முன் ஸ்பிரிங்க மட்டும் வீட்டுல கழட்ட முயற்சி பண்ணாதீங்க, அமுங்குன ஸ்பிரிங் தெறிச்சா கையோட போகும், கருவி இருக்கறவங்க கிட்ட விட்டுடுங்க. முன் உயரம் மாறினதால வீல் அலைன்மென்ட் நான் அன்னிக்கே பாத்துட்டேன், வேலைய முடிச்சு ஸ்டாண்டுல இருந்து இறக்கறதுக்கு முன்னாடி பின் பிரேக் ஹோஸ் முழுசா தொங்கும்போது இழுத்துக்குதான்னும் ஒரு தடவ பாத்தேன், எனக்கு ஒரு விரல் அளவுதான் தளர்ச்சி மிச்சம் இருந்துச்சு, அடுத்த மாசம் நீளமான ஹோஸ் மாத்தப் போறேன்.