950 பவுண்டு ஆர்எக்ஸ்-8: நாலரை வருடக் கணக்கு

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் 950 பவுண்டுக்கு வாங்கிய 2004ஆம் வருடத்து மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சாலை வரி எதையும் சேர்க்காமல் இன்று வரை 5,290 பவுண்டு விழுங்கியிருக்கிறது. 71,400 மைலில் வாங்கியது, இப்போது 88,000ஐத் தாண்டிவிட்டது. 231 குதிரைசக்தி, ஆறு கியர், சிவப்பு. இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி கிடைத்தால் ஏதோ காரணம் இருக்கும் என்பது தெரிந்தேதான் வாங்கினேன். காரணம் என்ன என்பதைத்தான் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன், வேலை இங்கிலாந்தில், கவென்ட்ரியில். அப்பா கணபதியில் பம்ப்செட், மோட்டார் ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு அங்கிருந்து வந்தது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் எஞ்சினோடு ஜெயித்த மாஸ்டா 787பி மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு மோகம். அதன் தூரத்துச் சொந்தக்காரன் ஆயிரம் பவுண்டுக்குள் கிடைக்கும்போது கை சும்மா இருக்குமா.

ரோட்டரி எஞ்சினைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டு பருப்புள்ள நிலக்கடலையை நெடுக்கில் பிளந்து பாருங்கள், நடுவில் லேசாக இடுப்பு சிறுத்த அந்தத் தோடுதான் எஞ்சினின் அறை. அதற்குள் பக்கங்கள் உப்பிய சமோசா மாதிரி ஒரு முக்கோண இரும்பு சுற்றுகிறது, அதுதான் ரோட்டர். மூன்று முனைகளும் சுவரை உரசியபடியே போவதால் உள்ளே எப்போதும் மூன்று தனித்தனி அறைகள் இருக்கும். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும்போது இன்னொன்று அழுத்தி எரிக்கும், மூன்றாவது புகையைத் தள்ளும். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. ஃபெலிக்ஸ் வான்கல் என்ற ஜெர்மானியரின் யோசனை இது. ஜெர்மனியின் என்எஸ்யூ 1964இல் முதலில் காரில் வைத்து விற்றது. மாஸ்டா 1967இல் காஸ்மோ ஸ்போர்ட்டில் பிடித்துக்கொண்டதை 2012இல் ஆர்எக்ஸ்-8ஐ நிறுத்தும் வரை விடவில்லை. என் வண்டியில் இருப்பது 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1,308 சிசி. இவ்வளவு சின்ன எஞ்சின் டர்போ இல்லாமல் 231 குதிரைசக்தி தருவதும், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை முனகாமல் போவதும்தான் இதன் கவர்ச்சி.

முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் சுமார் 80 மி.மீ. நீளத்தில், 2 மி.மீ. கனத்தில் ஒரு உலோகப் பட்டை உண்டு. ஏபெக்ஸ் சீல் என்பார்கள். ரோட்டருக்கு மூன்று, ஆக மொத்தம் ஆறு. பழைய ஆர்எக்ஸ்-8இன் விலை என்பது இந்த ஆறு பட்டைகளின் உடல்நிலைதான், மற்றதெல்லாம் பெயின்ட்.

இதை நான் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். லெஸ்டர் பக்கத்தில் ஒருவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. "எழுபதாயிரம் மைல்தான் ஓடியிருக்கு, பத்திரமா வச்சிருந்தேன், கடைக்குப் போக மட்டும்தான் எடுப்பேன்" என்றார். அதை நல்ல செய்தி என்று நினைத்தேன். ஆறிக் கிடந்த எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பியது. காசைக் கொடுத்துவிட்டு எம்69 நெடுஞ்சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் போட நிறுத்தினேன், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருவர் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

சீல் தேய்ந்த ரோட்டரியின் அடையாளமே இதுதான். ஆறியிருக்கும்போது கெட்டியான எண்ணெய் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், சூடானால் எண்ணெய் நீர்த்துவிடும், அழுத்தம் கசிந்துவிடும். அதனால் விற்பவர் ஆறிய எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து காட்டுவார். நீங்கள் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அணைத்து, பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். சட்டென்று பிடிக்கவில்லை என்றால் எஞ்சின் செத்த வண்டி என்று கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும்.

நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பிளக்குக்குப் பொறி வர மின்சாரம் தரும் காயில் நான்கு, நான்கு ஸ்பார்க் பிளக், ஒயர், புது ஸ்டார்ட்டர் மோட்டார் என்று 420 பவுண்டுக்கு மாற்றினேன். சூட்டிலும் கிளம்பத் தொடங்கியதும் ஜெயித்துவிட்டதாக நினைப்பு. உண்மையில் வேகமாகச் சுற்றும் புது ஸ்டார்ட்டர் நோயை மறைத்தது, தீர்க்கவில்லை. காயில் மாற்றியது மட்டும் வீண் இல்லை. காயில் நலிந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும், அப்புறம் புகை போக வழியில்லாமல் சூடு எஞ்சின் பக்கமே திரும்பும். ஒரு சின்ன காயிலைச் சரியான நேரத்தில் மாற்றாததால் போன எஞ்சின்கள் நிறைய.

அடுத்த பாடம் 2021 ஜனவரி ஊரடங்கில். நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது, மனைவி தன் காரை வெளியே எடுப்பதற்காக இதை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி அணைத்துவிட்டார். ஆர்எக்ஸ்-8ஐக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆறிய எஞ்சின் பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொள்ளும். சூடேறுமுன் அணைத்தால் அது பிளக்கை நனைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். சாயங்காலம், "ஏங்க, உங்க வண்டி வெறுமனே கரகரங்குது, ஆனா நான் ஒண்ணும் பண்ணலை" என்றார். அவர் சொன்னது சரிதான், அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, உலகத்தில் வேறு எந்தக் காராக இருந்தாலும். இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் பிளக்குகள் கைக்கு எட்டும். நான்கையும் எடுத்துக் காயவைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி (அப்படி மிதித்தால் பெட்ரோல் நின்றுவிடும்) உள்ளே இருப்பதைத் துப்பவைத்து, மறுபடி மாட்ட வேண்டும். மேல் பிளக்கும் கீழ்ப் பிளக்கும் வேறு வேறு ரகம், மாற்றி மாட்டிவிடாதீர்கள். அன்றிலிருந்து இந்த வண்டிச் சாவி தனி ஆணியில் தொங்குகிறது.

விற்றவர் சொன்ன "கடைக்குப் போக மட்டும்தான்" அப்போதுதான் உறைத்தது. இந்த எஞ்சினுக்குக் குறைந்த மைல் என்பது பெருமை இல்லை. சூடேறாமலே ஓடி ஓடிக் கரி படியும், சீல் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் தினம் விரட்டப்பட்ட ஒரு லட்சம் மைல் வண்டி இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

சரி, முதல் நாளே செய்திருக்க வேண்டியதை 2021 மே மாதம் செய்தேன், கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது அறைகள் அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்கின்றனவா என்ற சோதனை. சாதாரண மீட்டரால் முடியாது, ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகப் படித்து, நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்குக்கு மாற்றிச் சொல்லும் கருவி வேண்டும். 70 பவுண்டு ஆனது. சதுர செ.மீ.க்கு 6.9 கிலோ இருந்தால் பாஸ். முன் ரோட்டர் 7.0, 6.9, 7.0 என்று விளிம்பில் நின்றது. பின் ரோட்டர் 5.6, 5.4, 5.7. டெஸ்ட் செய்தவர் காகிதத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் எஞ்சினை இறக்கினேன். கிரேன் வாடகைக்கு. எல்லோரும் பயமுறுத்தும் ஃப்ளைவீல் நட் பயமுறுத்தும்படியேதான் இருந்தது: 54 மி.மீ. அளவு, 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கி வைத்தது. ஒன்றரை மீட்டர் குழாயைக் கைப்பிடியில் செருகி, என் எடை முழுவதையும் போட்டுக் குதித்த பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. அதன் பிறகு எல்லாம் எளிது, சொல்லப்போனால் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. இந்த எஞ்சின் ஐந்து அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. நீள நீளமான போல்ட்டுகளை உருவிவிட்டால் ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி வைக்கலாம்.

வீடியோ அழைப்பில் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "என்றா, பிஸ்டனே காணோம்?" என்றார். ரோட்டரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "மூணு மூலையும் செவுத்தோட ஒட்டியே ஓடோணும்னா எண்ணெய் எங்கிருந்து வரும் சாமி?" என்றார். நாற்பது வருடம் பம்ப் சீலோடு மல்லுக்கட்டியவர், ஒரே பார்வையில் இந்த எஞ்சினின் பலவீனத்தைத் தொட்டுவிட்டார். பதில் என்னவென்றால், ஒரு பம்ப் எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள்ளேயே செலுத்துகிறது, அது எரிந்து போகிறது. ஆர்எக்ஸ்-8 எண்ணெய் குடிப்பது கோளாறு இல்லை, குடிக்காவிட்டால்தான் கோளாறு. வாங்கும்போது என் வண்டியின் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் நுனியைக்கூடத் தொடவில்லை. 2008க்குப் பிந்தைய மாடல்களில் அறைக்கு இரண்டாக இருந்த எண்ணெய் துவாரத்தை மூன்றாக்கினார்கள் என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

உள்ளே பார்த்தால் பின் அறையின் குரோம் பூச்சு விளிம்பில் உரிந்திருந்தது, பின் ரோட்டரின் சீல் பள்ளம் ஒன்று அடிபட்டிருந்தது. இரண்டுக்கும் நல்ல நிலையிலிருந்த பழசு தேடிப் பிடித்தேன். பக்கத் தகடுகளை மட்டும் வெளியே கொடுத்துத் தேய்த்து வாங்கினேன். மற்றது முழுக்க வீட்டு கராஜில். இதில் பொறுமையைச் சோதித்தது ஏபெக்ஸ் சீல் இல்லை, பக்கவாட்டு சீல்கள், மொத்தம் 12. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, முனையில் 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் இடைவெளி வரும்படி செய்ய வேண்டும். ஒரு இழுப்பு கூடினால் அந்த சீல் குப்பை. இரண்டைக் குப்பையாக்கினேன். "அரத்தை இழுக்காத, தள்ளு, திரும்பி வர்றப்பத் தூக்கிரு" என்று அப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரில் பதினைந்து வயதில் சொன்ன அதே வார்த்தைகள், அன்றும் நான் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். பூட்டும்போது சின்னச் சின்ன சீல்கள் விழாமல் நிற்க வாசலினைத் தடவி ஒட்டவைப்பார்கள். இரண்டு டப்பா தீர்ந்தது.

உதிரி, வெளிவேலை எல்லாம் சேர்த்து எஞ்சினுக்கு 2,600. கிளட்சும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் 600, ரேடியேட்டரும் ஹோஸ்களும் 200. கடையில் முழுசாகக் கொடுத்திருந்தால் எஞ்சின் மட்டுமே 4,000ஐத் தொட்டிருக்கும்.

2022 ஜூலையில் உயிர் வந்தது. ஆயிரம் மைல் 4,000 சுற்றுக்கு மேல் போகாமல் கிழவனைப் போல ஓட்டி, பிறகு பழக்கி, ஒரு ஞாயிறு காலை ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில் முள்ளை மேலே விட்டேன். 6,000க்கு மேல்தான் இந்த எஞ்சின் பேசத் தொடங்குகிறது. அதிர்வே இல்லை, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும், உச்சத்துக்கு முன்னால் பீப் என்று ஒரு எச்சரிக்கை. அந்த பீப் இல்லாவிட்டால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. எஞ்சின் சின்னதாகவும் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளியும் இருப்பதால் எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. வளைவில் அது மூக்கைத் திருப்பும் விதத்தை, நான் ஓட்டிய வேறு எந்த மலிவான காரிலும் பார்க்கவில்லை.

இனிக் கசப்பு. லிட்டருக்கு 7 கி.மீ., நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 8.5. கீழ்ச் சுற்றுகளில் இழுவை இல்லை, மேட்டில் சின்ன டீசல் கார்கூடத் தாண்டிப் போகும். 5,000 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுகிறேன், இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப்ஸ்டிக். ஒரு டாங்குக்கு 150 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன், தேவையா என்று சண்டை போடுபவர்கள் போடட்டும், எனக்குத் தூக்கம் வருகிறது. டாஷ்போர்டின் வெப்ப முள்ளை நம்பாதீர்கள், எஞ்சின் நன்றாகக் கொதிக்கும் வரை அது நடுவிலேயே நிற்கும். நான் தனியாக ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன். பின்சக்கர வளைவும் கதவடிப் பகுதியும் துருப்பிடிக்கும், குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் ஊர் இது. போன வருடம் வெல்டிங்குக்கு 450 போனது.

இங்கிலாந்தில் வாங்குபவர்களுக்கு ஒன்று: 2006 மார்ச் 23க்கு முன் பதிவானதைத் தேடுங்கள். அதற்குப் பின் பதிவான 231 மாடலுக்குச் சாலை வரி இப்போது வருடத்துக்கு 700 பவுண்டுக்கு மேல், என்னுடையது 400 சொச்சம்.

பின்கதவுகள் எதிர்ப்பக்கம் திறப்பதால் பையனை இருக்கையில் உட்காரவைப்பது எளிது. தலைசாய்ப்பானிலும் கியர் குமிழிலும் இருக்கும் ரோட்டர் வடிவத்தை அவன் சமோசா என்கிறான், என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

அடிபட்ட பழைய ரோட்டரை 2023இல் ஊருக்குப் போனபோது பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். நாலு கிலோவுக்கு மேல். ஸ்கேன் பார்த்த அதிகாரி இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா அதைத் துடைத்துப் பட்டறை மேசையில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் இது என்ன சொல்லு பார்ப்போம் என்று கேட்பதும், யாரும் சொல்லாதபோது முகம் மலர்வதும் அவருடைய தினசரி வேலை.

போன மாதம் மறுபடி கம்ப்ரெஷன் பார்த்தேன். முன்னது 8.3, 8.2, 8.3, பின்னது 8.1, 8.2, 8.1. காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் 3,800 கொடுக்கிறேன் என்றார். கொடுக்கவில்லை. இப்போது கிளட்ச் பெடல் கிரீச்சிடுகிறது, அதன் பிராக்கெட்டில் விரிசல் விடுவது இந்த மாடலில் வாடிக்கை. சனிக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.