பைலட்டா, ஏ.எம்.ஈ.யா, ஏ.டி.சி.யா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு கணக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறங்குவது ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம். ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். பெரிய ஏர்பஸ், போயிங்குக்கு அது போதாது. 2024 டிசம்பரில் இண்டிகோ அங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இந்த விமானத்தைத்தான் விட ஆரம்பித்தது. அது வந்து நிற்கும் கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் பார்த்தால் ஏவியேஷனில் உள்ள முக்கால்வாசி வேலைகள் கண்ணில் பட்டுவிடும். முன்னால் இரண்டு விமானிகள். பின் கதவில் கேபின் க்ரூ. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு விமானி பளிச்சென்ற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சக்கரம், புரொப்பெல்லர், வால் என்று விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கோபுரத்தில், இறங்க அனுமதி கொடுத்த ஏ.டி.சி.காரர். கீழே பெட்டிகளை இழுப்பவர்கள், தீயணைப்பு வண்டிக்காரர்கள். பயணிகள் கண்ணில் படாதவர் ஒருவர் உண்டு: விமானத்தைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட இன்ஜினியர், அதாவது ஏ.எம்.ஈ.

ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ ஒரு பிள்ளை ‘ஏவியேஷன்’ என்று வாயெடுத்தால் பெற்றவர் காதில் விழுவது ‘பைலட்’ மட்டும்தான். அடுத்த கேள்வி, எவ்வளவு ஆகும். அதற்கடுத்து வரவேண்டிய கேள்விகள் பெரும்பாலும் வருவதில்லை: போட்ட பணம் எப்போது திரும்பும்? சேர்ந்த கம்பெனி மூடிவிட்டால் பிள்ளை கையில் என்ன மிஞ்சும்? இந்த இரண்டையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பைலட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது, பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பைலட்டிலிருந்தே தொடங்கலாம், நிலத்தை விற்கும் அளவுக்குக் கொண்டுபோவது அது ஒன்றுதான். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறிக்கொள்ளும் வழி இருக்கிறது. வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., வாங்க 18 வயது, 200 மணி நேரம் பறந்த கணக்கு, அப்புறம் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) தேர்வுகள். நேவிகேஷன், வானிலை, விமான விதிகள் என்று ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கு ஆர்.டி.ஆர். என்று தனிச் சான்று.

செலவு ஐம்பது லட்சத்தைச் சுற்றி நிற்கும். உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசுடையது. அங்கேயே நாற்பது லட்சத்தைத் தாண்டிவிடும். உரிமம் வந்ததும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் 320 ஓட்ட அந்த ரகத்துக்கென்று டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும், அதற்கு இன்னும் பல லட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டத்தில் எல்லாம் சேர்ந்தே வரும், ஆனால் தொகை ஒரு கோடியைத் தொடும்.

கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வழக்கமாக வங்கி சொத்துப் பிணை கேட்கும். ஆக, வீட்டுப் பத்திரம் உள்ளே போகிறது. ஐம்பது லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டுப் பாருங்கள்: மாதத் தவணை கிட்டத்தட்ட 69 ஆயிரம். இணை விமானியாக முறையாகப் பறக்க ஆரம்பித்து மாதம் ஒன்றரை, இரண்டு லட்சம் வாங்கினால் இது ஒரு சுமையே இல்லை. சிக்கல் அந்த ‘ஆரம்பித்து’ என்ற இடத்தில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1600க்கும் மேல் சி.பி.எல். கொடுத்தது. வாங்கிய எல்லோரும் அடுத்த மாதமே காக்பிட்டில் உட்கார்ந்துவிடவில்லை. காத்திருக்கும் காலத்திலும் செலவு நிற்காது: மருத்துவச் சான்று 12 மாதம்தான் செல்லும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருடா வருடம் பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வருமானம் இல்லாத பையன், தவணை கட்டும் அப்பா, நடுவில் புதுப்பித்தல் செலவு. இந்தக் காத்திருப்புக் காலத்தைத் தாங்கும் தெம்பு வீட்டுக்கு இருக்கிறதா என்பதுதான் உண்மையான தகுதித் தேர்வு. அது இல்லாமல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணமே இல்லாமல் விமானி ஆக நம் நாட்டில் ஒரு வழி இருக்கிறது: முப்படை. பிளஸ் டூவோடு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி), பட்டத்தோடு ஏ.எஃப்.கேட் (விமானப்படை நுழைவுத் தேர்வு). 2022 முதல் என்.டி.ஏ.வில் பெண்களும் சேர்கிறார்கள். பயிற்சிச் செலவு அரசுடையது. ஆனால் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு வைக்கும் கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம். அதில் தவறினால் அந்தக் கதவு மூடியதுதான். தவிர, வேலைக்காகச் சேர்வதும் படைக்காகச் சேர்வதும் ஒன்றல்ல. விமானம் பிடிக்கும், சீருடை வாழ்க்கை பிடிக்காது என்பவர்களுக்கு இது சரிவராது.

புதுச்சேரிக்கு மட்டும் இன்னொரு கிளைவழி உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. துலூஸ் நகரில் இருக்கும் ஏனாக் என்ற பிரெஞ்சு அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி, போட்டித் தேர்வு வைத்து விமானி மாணவர்களை எடுக்கிறது. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றிலும் கடுமையான தேர்வு. கையில் அந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இதை விசாரிக்காமலேயே இங்கே அரைக் கோடி கட்டுவது அநியாயம்.

சரி, அடுத்தது ஏ.எம்.ஈ., விமானப் பராமரிப்பு இன்ஜினியர். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று. ஏரோநாட்டிக்கல் பி.இ. வேறு, ஏ.எம்.ஈ. வேறு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நான்கு வருடம் ஏரோநாட்டிக்கல் படித்தவர் விமானத்தை வடிவமைக்கும் கணக்குகள் தெரிந்தவர். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு விமானத்தைப் பறக்கலாம் என்று விடுவிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் டி.ஜி.சி.ஏ. தரும் உரிமத்துக்குத்தான். இன்ஜின், பாடி பக்கம் போனால் பி1, மின்னணுக் கருவிகள் பக்கம் போனால் பி2. மாட்யூல் மாட்யூலாகத் தேர்வு, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தால் இரண்டு வருட வகுப்பு, இரண்டு வருடம் நிஜமான விமானத்தில் வேலைப் பழக்கம்.

ஹேங்கரில், அதாவது விமானத்தை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகையில், வேலை எப்படி இருக்கும்? ஷிப்ட் தொடங்கும்போது கருவிப் பலகை முன்னால் நிற்பீர்கள். ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவம் பலகையில் வரைந்திருக்கும். எடுத்தால் அந்த இடத்தில் உங்கள் பெயர் வில்லையை மாட்ட வேண்டும். விடியற்காலையில் ஒரு உருவம் காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது, இன்ஜினுக்குள் விட்டுவிட்டோமா என்று தேடத்தான் வேண்டும். போல்ட்டை இவ்வளவு விசைக்கு முறுக்கினேன் என்பதைக்கூடத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நல்ல தூக்கம் விரும்பிகளுக்கான வேலை அல்ல இது, விமானங்கள் பெரும்பாலும் பகலில் பறப்பதால் பராமரிப்பு பெரும்பாலும் ராத்திரியில்தான். ஆனால் கை வேலையில் ருசி உள்ள பிள்ளைக்கு, மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு ஒரு திருகு மிச்சமில்லாமல் மாட்டும் பிள்ளைக்கு, இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

பைலட்டோடு வைத்துப் பார்த்தால்: செலவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். நிலம் தப்பிக்கும். சம்பளம் மெதுவாக ஏறும். பயிற்சிக் காலத்தில் வருவது கைச்செலவுக்கே சரியாக இருக்கும். உரிமம் வாங்கி, அதில் ஒரு விமான ரகமும் ஏறிய பிறகுதான் கம்பெனிகள் உங்களைத் தேடும். அதுவரை பொறுமை வேண்டும். பாதியில் சலித்து மாட்யூல்களை முடிக்காமல் விட்டவர்கள், உரிமமும் இல்லாமல் பட்டமும் இல்லாமல் டெக்னீஷியன் சம்பளத்திலேயே தங்கிவிடுகிறார்கள். கல்லூரியில் சேர்க்கும்போது உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் எல்லா மாட்யூலும் முடித்தார்கள் என்று கேளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ படங்களைக் காட்ட ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.

கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு உதாரணப் பஞ்சமே இல்லை. 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட். கோ ஃபர்ஸ்ட் ஓட்டியது ஏர்பஸ் 320 ரகம். இண்டிகோவிடமும் ஏர் இந்தியாவிடமும் அதே ரகம் நிறைய உண்டு. உரிமத்தில் அந்த ரகம் எழுதியிருந்த விமானிக்கும் இன்ஜினியருக்கும் கதவைத் தட்ட இடம் இருந்தது. கவுன்ட்டரில் நின்றவருக்குக் கையில் அனுபவச் சான்றிதழ் மட்டும்.

இந்தக் கவலையே இல்லாதது ஏ.டி.சி., வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு. என்னைக் கேட்டால் நம் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாத வேலை இதுதான். இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் என்ற பதவிக்கு ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. போதும், பி.இ. என்றால் ஏதோ ஒரு செமஸ்டரில் அந்த இரண்டும் இருந்தால் சரி. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தேர்வு 120 கேள்வி, 120 நிமிடம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பாதிக் கேள்விகள் இயற்பியல், கணிதம். தேறினால் குரல் சோதனை, மருத்துவச் சோதனை, அப்புறம் பிரயாக்ராஜ் போன்ற இடங்களில் பயிற்சி. பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை, அவர்கள் உங்களுக்குக் கொடுக்கிறார்கள். சம்பள விகிதம் 40,000 முதல் 1,40,000. படிகளெல்லாம் சேர்த்து ஆரம்பத்திலேயே வருடத்துக்குச் சுமார் 13 லட்சம் என்று ஆணையத்தின் அறிவிப்பே சொல்லியிருக்கிறது.

விமான நிலையம் இருக்கும் அதே லாஸ்பேட்டையில்தான் தாகூர் அரசுக் கலைக் கல்லூரி. கடலூரில் பெரியார் அரசுக் கலைக் கல்லூரி. இரண்டிலும் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் வங்கித் தேர்வுக்கும் குரூப் 2க்கும் படிப்பதைப் பார்க்கிறோம். கையில் இருக்கும் பாடத்தையே கேட்கும் ஒரு தேர்வு பக்கத்திலேயே இருக்கிறது, அதை எழுதுபவர்கள் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. நாட்டில் சிவில் ஏ.டி.சி.க்கு நடைமுறையில் ஒரே முதலாளிதான். பைலட் சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம், துபாய்க்கும் போகலாம். இங்கே அது நடக்காது. போஸ்டிங் கவுகாத்தியிலும் விழும், ராஜ்கோட்டிலும் விழும். மாற்றலாகும் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் ஓடுபாதை, வான்வழிகளுக்குப் புதிதாகப் பழகி, தேறி, ரேட்டிங் வாங்கிய பிறகுதான் மைக்கில் தனியாகப் பேச விடுவார்கள். அறிவிப்பும் வருடா வருடம் ஒரே தேதியில் வருவதில்லை. அதனால் இதை நம்பி மூன்று வருடம் வீட்டில் உட்காராமல், வேறு ஒன்றோடு சேர்த்துப் படிப்பதே புத்திசாலித்தனம்.

கேபின் க்ரூ, தரைப் பணி இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேபின் க்ரூவுக்குப் பிளஸ் டூ போதும், வயதும் உயரமும் பார்ப்பார்கள், பயிற்சியை விமான நிறுவனமே கொடுக்கிறது. பயணிகளுக்குச் சாப்பாடு கொடுப்பதுதான் வேலை என்று நினைப்பவர்கள் அந்தப் பயிற்சியில் தீயணைப்பும் முதலுதவியும் அவசரகால வெளியேற்றமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இளம் வயதில் சம்பாதித்து, நாலு ஊர் பார்த்து, பிறகு வேறு பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்கு நல்ல வழி. தரைப் பணிக்கென்று ஒரு வருட ‘ஏவியேஷன் டிப்ளமோ’வுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். ஏதாவது ஒரு டிகிரி, தடுமாறாத ஆங்கிலம், கொஞ்சம் இந்தி இருந்தால் அதே கவுன்ட்டருக்கு நேரடியாகவே இன்டர்வியூ போகலாம். டிப்ளமோவோடு போனாலும் ஆரம்பத்தில் கிடைப்பது இருபதாயிரத்தைச் சுற்றித்தான்.

கடலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன்களுக்கு ட்ரோனையும் கணக்கில் சேர்க்கலாம். பத்தாவது தேறி 18 வயது ஆகியிருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் ஒரு வாரத்தை ஒட்டிய படிப்பு. கிடைக்கும் சான்றிதழ் பத்து வருடம் செல்லும். நெல்லிக்குப்பம் கரும்புக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பலைக் கேட்டவர்களுக்கு இதில் உள்ள வியாபாரம் புரியும். சீசன் தொழில், பேட்டரி சீக்கிரம் தீரும், இயந்திரத்துக்குச் சில லட்சம் முதல் போட வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ஏற்றவும் முடியாது. வேலை என்று சொல்வதைவிட இது சொந்தத் தொழில்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அட்வான்ஸ் கட்டும் முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். கண்ணாடி போட்டவர் சிவில் விமானி ஆகலாம், அது தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறைபாடுதான் தடை. புள்ளிப் புள்ளியாக வரைந்த தாளில் எண்ணைப் படிக்கச் சொல்லும் அந்தச் சோதனையை எந்தக் கண் மருத்துவரும் சில நிமிடங்களில் செய்துவிடுவார். அதில் குறை தெரிந்தால் காக்பிட்டும் கோபுரமும் அநேகமாகச் சேர்ந்தே மூடிக்கொள்ளும், ஏரோநாட்டிக்கல் பி.இ. பக்கம் திறந்தே இருக்கும். கண் சரி என்றால் பைலட் ஆசைக்காரர்கள் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் வகுப்பு 2 சோதனை முடித்து, அடுத்து பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையம் போன்ற இடத்தில் வகுப்பு 1 முடித்து, அந்தச் சான்று கைக்கு வந்த பிறகு பள்ளிக்குக் கட்டணம் கட்டலாம். சீட் தீர்ந்துவிடும், இன்றைக்கே கட்டுங்கள் என்று அவசரப்படுத்தும் இடத்துக்கு மட்டும் அப்போதும் வேண்டாம்.