கெரட்டோகோனஸ் உள்ளவர்கள் கடையில் கான்டாக்ட் லென்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க

என் தம்பிக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாக முன்னால் தள்ளும் நோய். கண்ணாடி மாற்றியும் பஸ் நம்பர் இரண்டு மூன்றாகத்தான் தெரிந்தது. இங்கே சிங்கப்பூரில் கடைத்தொகுதி ஒன்றில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "ஆஸ்பத்திரியில காத்துக் கிடக்க வேணாம் தம்பி, ஹார்ட் லென்ஸ் போட்டா சரியாயிடும்" என்று 900 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

போட்டதும் பார்வை பளிச்சென்று இருந்தது. ஏமாறுவதே அங்கேதான். லென்ஸ் தட்டையாக இருந்து கூம்பின் நுனியில் உரசினாலும் எழுத்து தெளிவாகத் தெரியும்! கண் சிவந்து, உறுத்தி, வெளிச்சம் பார்க்க முடியாமல் திரும்பிப் போனால் ஒரே பதில்: "பழகிடும் தம்பி." கூடவே ஒரு சொட்டு மருந்தையும் விற்றார்.

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போனோம் (அந்த வழியாகப் போனால் சலுகைக் கட்டணம்). அங்கே முதலில் டோபோகிராஃபி எடுத்தார்கள், கருவிழியின் மேடுபள்ளத்தைக் காட்டும் வரைபடம். பிறகு சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் லென்ஸ் எங்கே தொடுகிறது என்று பார்த்தார்கள். கடையில் இரண்டுமே செய்யவில்லை. கூம்பின் நுனியில் தழும்பு விழுந்திருந்தது. இந்த நோயே தழும்பு போடுமாம். ஆனால் உரசல் அதைக் கூட்டும் என்றார் டாக்டர்.

கடையில் போய்க் கேட்டால், "கிராஸ் லிங்கிங் செஞ்சா தழும்பு கரைஞ்சிடும், தெரிஞ்ச இடம் இருக்கு" என்கிறார். என்ன துணிச்சல் பாருங்க. ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை அது. நோய் மேலும் முற்றாமல் நிறுத்தத்தான் செய்கிறார்கள். விழுந்த தழும்பை அது அழிக்காது. ஆழமான தழும்பு பார்வையை மறைத்தால் கருவிழி மாற்று அறுவைதான். தம்பிக்கு அந்த அளவு இல்லை. இப்போது ஸ்க்லெரல் லென்ஸ் போடுகிறான். பெரிய லென்ஸ். வெள்ளை விழியில் உட்கார்ந்து, கூம்பைத் தொடாமல் நடுவே உப்புநீரைத் தேக்கி வைக்கும். உறுத்தல் இல்லை. பார்வை முன்போல் முழுசாக வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பிரேம் வாங்க வவுச்சர் தருகிறாராம். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ரசீதும் லென்ஸ் அளவு எழுதிய அட்டையும் கையில் இருக்கின்றன. உங்களுக்கு அந்த அட்டை தராவிட்டால், கேட்டு வாங்காமல் கடையை விட்டு வெளியே வராதீங்க.